காதைத் தீட்டிக்கொண்டு போங்கள்: காடிஸ் கார்னிவலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் காடிஸ் ஊரில் வேஷமும் பாட்டுமாக நடக்கும் கார்னிவல் விழாவைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் சனிக்கிழமை இரவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் முதன்முறை அப்படித்தான் போனேன். செவிய்யா (Seville) நகரிலிருந்து ரயில், நிற்கக்கூட இடமில்லை. இறங்கினால் சதுக்கத்துக்குச் சதுக்கம் இளைஞர் கூட்டம், கையில் பாட்டில், ஸ்பீக்கரில் எந்த ஊரிலும் கேட்கிற அதே நடனப் பாட்டு. விடியற்காலை ரயிலில் திரும்பும்போது, காடிஸ்காரர்கள் எழுதிய ஒரு பாட்டைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முறை திங்கட்கிழமை மதியம் போனேன். ஒரு சந்தில், தபால்காரர் வேஷம் போட்ட எட்டுப் பேர் ஒரு வீட்டு வாசற்படியில் ஏறி நின்றார்கள். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். யாரோ "ஷ்ஷ்" என்றதும் தெருவே அடங்கிவிட்டது. தான் காலமெல்லாம் குடியிருந்த வீடு சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகை அறையாகிப்போன ஒரு பாட்டியைப் பற்றிப் பாடினார்கள். வரிக்கு வரி சிரிப்பு. கடைசி வரியில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். பிறகு அவரே எனக்குப் புரியும்படி மெதுவான ஸ்பானிஷில் அந்தப் பாட்டியின் கதையைச் சொன்னார்.

அந்த மாதிரி ஒரு சந்தில் நீங்களும் போய் நிற்க வேண்டும். அதற்கு வழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இங்கே பாட்டு வரிக்கு இவ்வளவு மதிப்பு?

காடிஸ் ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். ஃபினீசியர்கள் அமைத்த துறைமுகம், மேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்தோடு ஸ்பெயின் நடத்திய கப்பல் வணிகம் பெரும்பாலும் இந்த ஊர் வழியாகத்தான் நடந்தது. இங்கே குடியேறிய ஜெனோவா வணிகர்கள் இத்தாலியக் கார்னிவல் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஹவானா போய்வந்த கப்பல்கள் தாளங்களைக் கொண்டுவந்தன. ஊர்க்காரர்கள் தங்கள் வாயைச் சேர்த்தார்கள்.

அந்த வாய்க்குப் பூட்டும் விழுந்தது. உள்நாட்டுப் போரின்போது, 1937-ல், பிறகு நாட்டின் சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் தரப்பு கார்னிவலைத் தடை செய்தது. 1947 ஆகஸ்ட் 18 அன்று ஊருக்குள் இருந்த கடற்படை வெடிபொருள் கிடங்கு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நொந்துகிடந்த ஊருக்கு ஆறுதலாக மறு ஆண்டு பாட்டுக் குழுக்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் 'கார்னிவல்' என்ற பெயர் கூடாது, 'காடிஸின் மரபு விழா' என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டு வரிகள் தணிக்கைக்குப் போய்த் திரும்ப வேண்டும். 1967-லிருந்து விழாவையே மே மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஃபிராங்கோ இறந்த பிறகு 1977-ல்தான் பிப்ரவரிக்கும் பழைய பெயருக்கும் அது திரும்பியது. தடுத்து வைத்த வாய் என்பதால்தான், நினைத்ததைப் பாடுகிற இந்தப் பத்துப் பதினொரு நாட்களை ஊர் இவ்வளவு கண்ணுங்கருத்துமாகக் காக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

தேதியைக் கணக்கிடுவது

கார்னிவல் தேதி ஈஸ்டரோடு சேர்ந்து நகரும். ஈஸ்டருக்கு 46 நாள் முன்பு வருவது சாம்பல் புதன். அதற்கு முந்தைய வியாழனில் தெரு விழா தொடங்கி, சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறு வரை போகும். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, எனவே முதல் சனி பிப்ரவரி 6. 2028-ல் சாம்பல் புதன் மார்ச் 1, முதல் சனி பிப்ரவரி 26. மற்ற பல ஊர்களில் புதன்கிழமையோடு கார்னிவல் முடிந்து நோன்புக் காலம் தொடங்கிவிடும். காடிஸ் அந்த வார இறுதியையும் விடுவதில்லை.

எத்தனை நாள் ஒதுக்குவது? என் கணக்கில் ஞாயிறு காலை முதல் செவ்வாய் இரவு வரை, மூன்று நாள் போதும். ஞாயிறும் திங்களும் மத்தியச் சந்தையைச் சுற்றிப் பெரிய பாடகர் குழுக்கள் வண்டிகளில் ஊர்வலம் வரும். திங்கள் காடிஸில் உள்ளூர் விடுமுறை, வெளியூர்க் கூட்டம் கிளம்பிப்போயிருக்கும், ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே பாடும் நாள் அது. செவ்வாய் இரவு மோமோ என்ற கேலித் தெய்வத்தின் பொம்மையை எரிப்பார்கள். ஞாயிறு மாலை புதுநகரின் பெரிய சாலையில் அலங்கார வண்டி ஊர்வலமும் உண்டு. குழந்தைகளோடு போனால் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் சந்துகளில் இருப்பதே நல்லது.

போவதும் தங்குவதும்

இந்தியா, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிப் 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க முடியாது. பிப்ரவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதி அட்டையோடு வாழ்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அருகிலுள்ள விமான நிலையம் ஹெரெஸ், அங்கிருந்து காடிஸுக்கு ரயில் உண்டு. செவிய்யா விமான நிலையத்துக்கு விமானங்கள் அதிகம், அந்த ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். காடிஸ் ரயில் நிலையம் பழைய நகரின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் இரண்டே நிமிடத்தில் துறைமுகம், அடுத்து நகரமன்றம் இருக்கும் சான் ஹுவான் தெ தியோஸ் சதுக்கம்.

பழைய நகருக்குள் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை பல மடங்கு. நான் ஒருமுறை நான்கு மாதம் முன்பே பதிவு செய்த வீட்டை, விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டார். அதன் பிறகு வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் எல் புவெர்த்தோ தெ சாந்தா மரியாவில்தான் தங்குகிறேன். அங்கிருந்து ரயிலும் உண்டு, அரை மணி நேரத்தில் கடலைக் கடக்கும் படகும் உண்டு. படகிலிருந்து காலை வெயிலில் காடிஸின் வெள்ளைக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே போவது எனக்கு விழாவின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கடைசிப் படகு எப்போது, இரவு ரயில் எத்தனை மணிக்கு என்று அன்றன்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தெரு விழா நாட்களில் அட்டவணை மாறும். காரில் போகவே போகாதீர்கள், ஊருக்குள் நிறுத்த இடம் கிடைக்காது.

யார் யார் பாடுகிறார்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் எல்லாம் ஒரே கூச்சலாகத் தெரியும். நான்கு வகைக் குழுக்கள் உண்டு.

சிரிகோட்டா என்பது பத்துப் பேர் அளவிலான நையாண்டிக் குழு. கிட்டார், தோளில் மாட்டிய பெரிய மேளமான பொம்போ, குச்சியால் தட்டும் காஹா, அப்புறம் பித்தோ. இந்தப் பித்தோவை ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள். சிறிய நாணல் குழாய், முனையில் சிகரெட் சுற்றும் மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். ஊதினால் சத்தம் வராது, வாயை வைத்து மெட்டை முனக வேண்டும். தாள் அதிர்ந்து, மூக்கடைத்த வாத்து பாடுவதுபோல ஒரு குரல் வரும். தூரத்துச் சந்திலிருந்து அந்தக் குரல் கேட்டால் அந்தப் பக்கம் நடையைக் கட்டுங்கள், அங்கே ஒரு சிரிகோட்டா இருக்கிறது.

கொம்பார்சா கொஞ்சம் பெரியது, பதினைந்து பேர் வரை. சுருதி சுத்தமாக, பல குரலில், உணர்ச்சியோடு பாடுவார்கள். வேலையில்லாமை, கடலில் இறந்த அகதிகள், ஊர்ப்பாசம் எல்லாம் வரும். கோரோ என்பது நாற்பது பேர் அளவிலான பெரிய குழு, கிட்டாரோடு பந்துர்ரியா, லாவூத் என்ற தந்தி வாத்தியங்களையும் மீட்டி, டிராக்டர் இழுக்கும் மேடைவண்டியில் வரும். குவார்தெத்தோ மூன்று முதல் ஐந்து பேர் எதுகை மோனையில் நடத்தும் சின்ன நாடகம், மொழி நன்றாகத் தெரியாமல் அதை ரசிப்பது சிரமம்.

இந்த நான்கு வகையும் ஃபாய்யா பெரும் நாடக அரங்கில் போட்டியிடுகின்றன. காடிஸில் 1876-ல் பிறந்த இசையமைப்பாளர் மானுவல் தெ ஃபாய்யாவின் பெயர் தாங்கிய செங்கல் கட்டடம் அது. போட்டி கிட்டத்தட்ட ஒரு மாதம் இரவு இரவாக நடந்து, முதல் சனிக்கு முந்தைய வெள்ளி இரவு இறுதிச் சுற்றாக முடியும். அந்த இறுதிச் சுற்று மறுநாள் விடியும்வரை போகும், ஊரே தூங்காமல் தொலைக்காட்சி முன் இருக்கும். இறுதிச் சுற்றுக்கு நுழைவுச்சீட்டு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆரம்பச் சுற்றுக்கு முயன்று பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. போட்டி முடிந்ததும் அதே குழுக்கள் தெருவுக்கு வந்துவிடும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தவர்கள் 'இலெகாலெஸ்'. 'சட்டவிரோதக் குழுக்கள்' என்று பொருள், போட்டியில் சேராதவர்கள் என்பதுதான் விஷயம். அண்ணன் தங்கைகள், ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைகள், மீன் சந்தைக்காரர்கள் என்று யாரும் சேரலாம். மாதக்கணக்கில் இரவு உட்கார்ந்து எழுதி, கையால் உடை தைத்து, பரிசு எதுவும் இல்லாமல் தெருவில் பாடுகிறார்கள். நான் பார்த்த தபால்காரர்கள் அந்த வகை.

இன்னொருவரையும் தவறவிடாதீர்கள்: ரொமான்செரோ. தனி ஆளாகவோ இரண்டு பேராகவோ வருவார். ஒரு கம்பில் கட்டிய பெரிய அட்டை, அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். கையில் குச்சி. ஒவ்வொரு படத்தையும் குச்சியால் தொட்டு எதுகைக் கவிதையில் கதை சொல்லிக்கொண்டே போவார். அந்தக் காலத்தில் பார்வையற்றவர்கள் தெருத்தெருவாகப் பாடிய கதைப்பாட்டிலிருந்து வந்த வழக்கம் இது. படம் இருப்பதால் மொழி அரைகுறையாகத் தெரிந்தாலும் கதையைப் பிடித்துவிடலாம். முதன்முறை போகிறவர்கள் ரொமான்செரோவிலிருந்து தொடங்கினால் காது மெல்ல மெல்லப் பழகிவிடும்.

காதைத் தயார்செய்வது

ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது என்றால் போகக் கூடாதா? போகலாம். ஆனால் இரண்டு மாதம் முன்பே கொஞ்சம் உழைத்தால் பத்து மடங்கு கிடைக்கும். உள்ளூர்த் தொலைக்காட்சியான ஓந்தா காடிஸ் போட்டியை யூடியூபில் ஒளிபரப்புகிறது. தினம் ஒரு குழு பாருங்கள். சிரிகோட்டாவும் கொம்பார்சாவும் ஒரே வரிசையில்தான் பாடும்: முதலில் தங்கள் வேஷத்தை அறிமுகப்படுத்தும் பாட்டு, பிறகு பசோதோப்லே, பிறகு குப்லே, கடைசியில் பல மெட்டுகளைக் கோத்த பொப்பூர்ரி. பசோதோப்லே நீளமாக, சொல்ல வந்ததை நெஞ்சைத் தொடும்படி சொல்லும். குப்லே குட்டிப் பாட்டு, கடைசி வரியில் நகைச்சுவை வெடிக்கும், உடனே அதே பல்லவி திரும்ப வரும். இந்த வரிசை மனதில் பதிந்தாலே எப்போது சிரிப்பு வரும், எப்போது மௌனம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காடிஸ்காரர்கள் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். மாட்ரிட்காரர்களே தடுமாறுவார்கள், அதனால் பயப்பட வேண்டாம். அந்த வருட ஸ்பெயின் செய்தித் தலைப்புகளை ஒரு வாரம் படித்துவிட்டுப் போங்கள். பாதிப் பாட்டு அரசியல்வாதிகளையும் வீட்டு வாடகையையும் காடிஸ் கால்பந்து அணியையும் பற்றித்தான் இருக்கும்.

பாடி முடித்ததும் பல குழுக்கள் தங்கள் பாட்டு வரிகளை அச்சிட்ட சின்னப் புத்தகத்தை விற்கும். 'லிப்ரெத்தோ' என்று கேளுங்கள். சில யூரோதான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இரவு அறைக்கு வந்து அகராதியோடு உட்கார்ந்தால், மதியம் எல்லோரும் சிரித்த வரி அப்போது உங்களையும் சிரிக்க வைக்கும்.

எங்கே நிற்பது

பழைய நகரம் சிறியது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நடைதான். மதியம் ஒரு மணி வாக்கில் பூக்கள் சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்கே அஞ்சல் அலுவலகத்தின் படிக்கட்டு இலெகாலெஸ் குழுக்களுக்குப் பிடித்த மேடை. ஒரு குழு இறங்கினால் அடுத்தது ஏறும். பக்கத்திலேயே மத்தியச் சந்தை, ஞாயிறு அங்கே கோரோ வண்டிகள் வரும். வண்டியோடு சேர்ந்து நடக்காதீர்கள், நெரிசல். ஒரு மூலையில் நின்றால் ஒவ்வொரு வண்டியும் உங்களைத் தேடி வரும்.

சாயங்காலம் லா வின்யாவுக்குப் போங்கள். மீனவர்களின் பழைய குடியிருப்பு, கார்னிவலின் இதயம். அதன் நடுத்தெரு விர்ஹென் தெ லா பால்மா. அங்குள்ள சிறிய தேவாலயத்தை ஒரு நிமிடம் பாருங்கள். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை இந்தத் தெருவுக்குள் வந்தது. மாதாவின் கொடியை ஏந்திக்கொண்டு எதிரே போய் நின்றார்கள், அந்த இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது என்பது இந்தக் குடியிருப்பின் நம்பிக்கை. தெருக்கோடியில் இரண்டு கோட்டைகளுக்கு நடுவே லா கலேத்தா கடற்கரை. காடிஸ் பாட்டுகளில் இந்தக் கடற்கரை வராத வருடமே இல்லை. கடைசி ஞாயிறு இரவு பித்தி என்ற சூனியக்காரியின் பொம்மையை எரித்து விழாவை முடிப்பார்கள்.

எந்தக் குழு எங்கே பாடும் என்று அட்டவணை கிடையாது. சந்து சந்தாக நடந்து, பொம்போ சத்தம் வரும் திசைக்குத் திரும்புவதுதான் முறை.

நிற்கும்போது ஒரு மரியாதை உண்டு. பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது, நடுவில் குறுக்கே நுழையக் கூடாது, கைபேசியை முகத்துக்கு முன் நீட்டிப் பின்னால் நிற்பவரை மறைக்கக் கூடாது. குள்ளமானவர்களையும் குழந்தைகளையும் முன்னால் விடுவார்கள். பிடித்த வரிக்கு "ஓலே" சொல்லலாம். முடிந்ததும் "ஓத்ரா, ஓத்ரா" என்று கத்துங்கள், இன்னொன்று பாடுவார்கள்.

வேஷம், சாப்பாடு, வானிலை

வேஷம் போடாமல் போவது குற்றமில்லை, ஆனால் போட்டால் ஊரோடு ஒட்டிக்கொள்வீர்கள். விலை உயர்ந்த வாடகை உடை வேண்டாம். பழைய சட்டை, கடையில் வாங்கிய தொப்பி, கன்னத்தில் இரண்டு சிவப்பு வட்டம் போதும். அந்த வட்டத்துக்குக் 'கொலொரெத்தே' என்று பெயர். உதட்டுச்சாயத்தாலேயே வரையலாம். நான் வரையத் தெரியாமல் நின்றபோது ஒரு பாட்டி என் தாடையைப் பிடித்து இரண்டே சுழற்றில் வரைந்துவிட்டார்.

வயிற்றுக்கு: பொடி இறாலைக் கடலை மாவும் கோதுமை மாவும் கரைத்த கலவையில் போட்டு மொறுமொறுவென்று பொரித்த தோர்தியித்தா என்ற மெல்லிய அடை. சீரகமும் வினிகரும் ஊறிய சுறாத் துண்டுகளின் வறுவல், அதைத் தாள் சுருளில் எடைக்கு வாங்கிக்கொண்டு நடக்கலாம். கடல் முள்ளெலி கிடைக்கும், ஒரு முறை சுவைத்துப் பாருங்கள், வாயில் கடலே வரும். சைவர்களுக்குக் கொண்டைக்கடலை போட்ட கீரை இருக்கிறது. வினிகர், ஆலிவ் எண்ணெய், வெங்காயம் சேர்த்த உருளைக்கிழங்கும் உண்டு, அதில் சூரை மீன் சேர்ப்பது வழக்கம் என்பதால் "சின் அத்தூன்" என்று சொல்லிக் கேளுங்கள். கீரையிலும் பன்றி இறைச்சி இல்லையே என்று கேட்டுவிடுவது நல்லது. மதிய உணவு இரண்டு மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஒரு மணிக்கே போனால் இடம் கிடைக்கும்.

பிப்ரவரிக் காடிஸ் கடுங்குளிர் இல்லை, ஆனால் கடல்காற்று இரவில் எலும்பைத் தொடும். மழையும் வரலாம். காற்றில் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைச்சட்டைதான் சரி. தரையில் உடைந்த கண்ணாடி கிடக்கும், மூடிய காலணி போடுங்கள். பணத்தையும் கடவுச்சீட்டு நகலையும் உள்பையில் வையுங்கள். பொதுக் கழிப்பறையில் வரிசை நீளம், கடையில் ஒரு காப்பி வாங்கினால் அந்த வேலையும் முடியும். அவசரத்துக்கு எண் 112.

விழா முடிந்த பிறகும் ஒரு நாள்

வேலை காரணமாக அந்த நாட்களில் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. எல்லாம் முடிந்து அடுத்த ஞாயிறு, 'குட்டிக் கார்னிவல்' என்று ஒன்று நடக்கும். அதற்கு 'ஹர்த்திப்லேக்களின் கார்னிவல்' என்றும் பெயர், போதும் என்று சொன்னாலும் நிறுத்தாதவர்கள் என்று பொருள். மேடை, வண்டி, வெளியூர்க் கூட்டம் எதுவும் இருக்காது. அந்த வருடத்தின் நல்ல இலெகாலெஸ் குழுக்கள் குரல் கட்டிய தொண்டையோடு, பதினைந்து நாள் அணிந்து நைந்த உடையோடு, ஒருவரையொருவர் கேட்பதற்காகவே பாடுவார்கள். செவிய்யாவிலிருந்து காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் அஞ்சலகப் படிக்கட்டுக்கு வந்துவிடலாம். படிக்கட்டின் இடது ஓரம் கொஞ்சம் உயரம், நான் அங்கேதான் நிற்பேன்.